ஜே லீக் 2024: ஏறியவர்கள், இறங்கியவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் கால்பந்து லீக்கைப் பற்றி விசாரிப்பவர்கள் பட்டம் யாருக்கு என்றுதான் தொடங்குவார்கள். இரண்டு கேள்வி கழிந்ததும் பேச்சு ஏற்ற இறக்கத்தில் வந்து நிற்கும். அந்த அணி ஏன் கீழே போனது, இந்த அணி எங்கிருந்து திடீரென்று வந்தது, சமனில் முடிந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏன் கொண்டாடியது என்று கேட்பார்கள். அந்த லீக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அதனால் 2024 பருவத்தை நடுவில் வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஜே லீக்கில் எத்தனை நிலைகள், எத்தனை அணிகள்?

ஜே1, ஜே2, ஜே3 என்று மூன்று நிலைகள். 2024 முதல் ஒவ்வொன்றிலும் 20 அணிகள், ஆக மொத்தம் 60. ஜே3க்குக் கீழே ஜேஎஃப்எல் என்ற தேசிய அளவிலான அமெச்சூர் லீக் இருக்கிறது. அதற்கும் கீழே வட்டார லீக்குகள்.

தொடக்கம் சிறியதுதான். 1993 மே 15 அன்று தோக்கியோ தேசிய மைதானத்தில் வெர்தி கவாசாகியும் (இன்றைய தோக்கியோ வெர்தி) யோகோஹாமா மரினோஸும் (இன்றைய யோகோஹாமா எஃப். மரினோஸ்) மோதிய ஆட்டத்தோடு, 10 அணிகளுடன் லீக் பிறந்தது. ஜே2 தொடங்கியது 1999இல், ஜே3 தொடங்கியது 2014இல். 30 ஆண்டுகளில் 10 அணிகள் 60 ஆகியிருக்கின்றன.

2024 பருவத்தைத் தனியாக எடுத்துப் பேசுவது ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது கணக்கு. 2023இல் ஜே1இல் 18 அணிகள், ஜே2இல் 22, ஜே3இல் 20. மூன்றையும் இருபதாகச் சமன்படுத்த வேண்டியிருந்ததால், அந்த ஆண்டு ஜே1இலிருந்து கடைசி இடம் பிடித்த யோகோஹாமா எஃப்சி மட்டுமே இறங்கியது. கீழேயிருந்து மூன்று அணிகள் ஏறின. மேலே இருந்தவர்களுக்கு அது சலுகை ஆண்டு. 2024இல் அந்தச் சலுகை போய், மூவர் இறங்கு, மூவர் ஏறு என்று வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. ஜே3இன் அடியில் இருந்த கதவு உண்மையாகவே திறந்தது இந்த ஆண்டுதான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

விதி என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு அணிக்கும் 38 ஆட்டங்கள். ஜே1இல் 18, 19, 20ஆம் இடங்கள் ஜே2க்கு இறங்கும். ஜே2இல் முதல் இரண்டு இடங்கள் நேரே ஏறும்; 3 முதல் 6 வரை வந்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் ஆடி, அதில் ஒன்று ஏறும். ஜே2க்கும் ஜே3க்கும் இடையிலும் இதே ஏற்பாடு. ஜே3க்கு இந்த பிளே-ஆஃப் 2024இல்தான் முதன்முறையாக வந்தது.

பட்டம் யாருக்குப் போனது?

விசெல் கோபேக்கு, தொடர்ந்து இரண்டாவது முறையாக. கடைசி நாளான டிசம்பர் 8 அன்று கோபே 69, சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா 68, மச்சிதா செல்வியா 66 என்று மூன்று அணிகளுக்கும் வாய்ப்பு இருந்தது. கோபே ஷோனான் பெல்மாரேயை 3-0 என்று வீழ்த்தியது. ஹிரோஷிமா கம்பா ஒசாகாவிடம் தோற்றது. மச்சிதா காஷிமாவிடம் தோற்றது. யோஷினோரி முத்தோ ஆண்டின் சிறந்த வீரர். அதே பருவத்தில், லீக்குக்கு வெளியே தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டியான பேரரசர் கோப்பையும் கோபேக்கே.

ஜே1இலிருந்து இறங்கிய மூன்று அணிகள் எவை?

சாகன் தோசு, ஹொக்கைதோ கொன்சதோலே சப்போரோ, ஜூபிலோ இவாதா. ஒவ்வொன்றின் வலியும் ஒவ்வொரு விதம்.

தோசு கியூஷூ தீவில் உள்ள சின்ன ஊர். மக்கள் தொகை முக்கால் லட்சத்தை ஒட்டித்தான். மைதானத்தில் இருக்கைகள் ஏறக்குறைய 24,000. ரயிலிலிருந்து இறங்கினால் எதிரே மைதானம், ஊரில் மூன்றில் ஒரு பங்கை அதில் உட்கார வைத்துவிடலாம். இப்படிப்பட்ட ஊர் 2012இல் ஜே1க்கு வந்து 13 பருவங்கள் விடாமல் நின்றது. ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது இந்த மைதானத்தில்தான், 2019 ஆகஸ்டில். பெரிய ஊர்க் கிளப்புகளின் பணபலத்துக்கு எதிரே அத்தனை காலம் தாக்குப்பிடித்ததே சாதனை. 2024 அக்டோபரிலேயே, இன்னும் ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே, இறக்கம் உறுதியாகிவிட்டது.

சப்போரோவின் முடிவு வேறு மாதிரி வந்தது. நவம்பர் 30 அன்று அவர்கள் ஆடவே இல்லை. அன்று காஷிவா ரெய்சோல், கோபேயோடு 1-1 என்று சமன் செய்து 41 புள்ளிக்குப் போனது. சப்போரோ கையில் 34; மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களையும் வென்றால்கூட 40தான். வேறு ஊரில் நடந்த ஆட்டத்தின் முடிவால் கீழே போவது உறுதியானது. மறுநாள் அதே வீரர்கள் ஹிரோஷிமாவுக்கு எதிராகக் களமிறங்கி 1-5 என்று தோற்றார்கள். ஏழு பருவங்கள் அணியை நடத்திய பயிற்சியாளர் மிஹாய்லோ பெத்ரோவிச் அந்த ஆண்டோடு விடைபெற்றார். கடைசி நாளில் சப்போரோ வென்றது அதே காஷிவாவை, 1-0. பட்டியலில் எதுவும் மாறவில்லை.

இவாதா 1997, 1999, 2002 ஆண்டுகளின் சாம்பியன். 2023இல் ஏறி, 2024இல் இறங்கியது. 41 வயது எய்ஜி கவாஷிமாவை கோல்கீப்பராகக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. கடைசி நாளில் ஏற்கெனவே இறங்கிவிட்ட தோசுவிடம் 0-3 என்று தோற்று, 38 புள்ளியோடு 18ஆம் இடத்தில் முடித்தார்கள். இழக்க எதுவும் இல்லாத தோசு, தன் ரசிகர்களுக்கு விடைகொடுக்க ஆடிய ஆட்டம் அது.

புள்ளிகள் சமமானால் யார் இறங்குவார்கள்?

முதலில் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள், அதற்கும் பிறகு நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவு. சாதாரண விதிதான். ஆனால் அது ஒரு ஊரை என்ன செய்யும் என்று புரிய 1999 நவம்பர் 27க்குப் போக வேண்டும்.

ஏற்ற இறக்கம் அறிமுகமான முதல் பருவம் அது. அப்போது 90 நிமிடத்தில் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் தங்க கோல் (ஆட்டத்தை அதோடு முடித்துவிடும் முதல் கோல்) அடித்து வென்றால் 2 புள்ளி. உராவா ரெட் டயமண்ட்ஸ் தப்பிக்க, ஹிரோஷிமாவை 90 நிமிடத்துக்குள் வென்றாக வேண்டும். 90 நிமிடமும் கோல் இல்லை. விசில் ஊதியபோதே இறக்கம் முடிவாகிவிட்டது, ஆனால் ஆட்டம் முடியவில்லை. கூடுதல் நேரத்தில் மசாஹிரோ ஃபுகுதா கோல் அடித்தார். ஓடிவந்து கட்டிப்பிடித்த சக வீரரை அவர் உதறித் தள்ளினார். உராவாவும் ஜெஃப் யுனைடெட்டும் ஒரே புள்ளியில் முடித்தன. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் உராவா கீழே போனது. உலகிலேயே சோகமான தங்க கோல் என்று ஜப்பானில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். உராவா ரசிகர்கள் அடுத்த ஆண்டு ஜே2 மைதானங்களை நிரப்பினார்கள். அணி ஒரே பருவத்தில் திரும்பியது. 2006இல் ஜே1 பட்டம், 2007இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்.

ஜே2இலிருந்து நேரடியாக ஏறியவர்கள்?

ஷிமிசு எஸ்-பல்ஸ் முதலிடம், யோகோஹாமா எஃப்சி இரண்டாமிடம். 76 புள்ளி எடுத்த யோகோஹாமா எஃப்சிக்கும் 75 எடுத்த வி-வரென் நாகசாகிக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி.

ஷிமிசுவின் 2024ஐப் பாராட்ட வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு பட்ட அடி தெரிந்திருக்க வேண்டும். 2023இன் கடைசி நாள் காலையில் அவர்கள் இரண்டாமிடம். வென்றால் நேரே ஜே1. மித்தோ ஹோலிஹாக்கோடு 1-1 என்று சமன் ஆகி, ஒரே மாலையில் நான்காம் இடத்துக்குச் சரிந்தார்கள். இவாதாவும் தோக்கியோ வெர்தியும் 75 புள்ளி, ஷிமிசு 74. பிளே-ஆஃப் இறுதியில் வெர்தியை எதிர்த்து 1-0 என்று முன்னிலை பெற்று, இஞ்சுரி டைமில் பெனால்டி கொடுத்தார்கள். 90+6ஆம் நிமிடத்தில் இத்சுகி சொமேனோ அதை கோலாக்கினார். ஆட்டம் சமன், ஆனால் ஏறியது வெர்தி, 16 ஆண்டுகளுக்குப் பிறகு. தேசிய மைதானத்தில் 53,000க்கும் அதிகமானோர் பார்த்திருக்க, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. அந்த அணியைக் கலைத்துப் போடாமல் கட்டிக்காத்து, அடுத்த ஆண்டே ஜே2 பட்டத்தோடு ஏறினார்களே, அதைத்தான் நான் 2024இன் மிகப் பெரிய மீட்சி என்பேன்.

யோகோஹாமா எஃப்சி பற்றி ஒரு வார்த்தை. 2019இல் ஏறியது, 2021இல் இறங்கியது, 2022இல் ஏறியது, 2023இல் இறங்கியது, 2024இல் ஏறியது. சிரிப்பவர்கள் அந்தக் கிளப் பிறந்த கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்க காலப் பத்து அணிகளில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ், பண நெருக்கடியில் அதே ஊரின் மரினோஸோடு இணைக்கப்பட்டு மறைந்தது. 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையை வென்றதுதான் அதன் கடைசி ஆட்டம். மரினோஸை ஆதரிக்க மனம் ஒப்பாத ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய கிளப்தான் யோகோஹாமா எஃப்சி.

பிளே-ஆஃபில் சமன் ஆனால் கூடுதல் நேரம், பெனால்டி ஷூட்-அவுட் எல்லாம் இல்லையா?

இல்லை. ஒரே ஆட்டம், பட்டியலில் மேலே முடித்த அணியின் சொந்த மைதானத்தில். சமன் ஆனால் மேலே முடித்த அணிக்கே வெற்றி. கீழே முடித்தவர் 90 நிமிடத்தில் வென்றே ஆக வேண்டும்.

இது நியாயமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயம்தான் என்பேன். பத்து மாதம் 38 ஆட்டம் ஆடி எடுத்த இடத்துக்கு ஏதாவது ஒரு மதிப்பு இருக்க வேண்டும். ஆட்டத்துக்கும் இது நல்லதே. ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு நிற்க, மறு பக்கம் கடைசி பத்து நிமிடம் எல்லோரையும் முன்னே அனுப்பும். 2014இன் அரையிறுதியில் அப்படித்தான் நடந்தது. ஜூபிலோ இவாதாவுக்கும் மொன்தேதியோ யமகதாவுக்கும் 1-1. யமகதா ஆறாம் இடம், சமன் போதாது. இஞ்சுரி டைமில் ஒரு கார்னர். கோல்கீப்பர் நொரிஹிரோ யமகிஷியும் எதிரணிப் பெட்டிக்குள் ஓடினார். பந்து அவர் தலையில் பட்டுத் திரும்பி, தூரக் கம்பத்தின் பக்கம் உள்ளே போனது. 2-1. யமகதா இறுதி ஆட்டத்தையும் வென்று ஜே1க்கு ஏறியது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

2024 பிளே-ஆஃபில் ஏறியது யார்?

ஃபஜியானோ ஒகயாமா. ஐந்தாம் இடம் பிடித்த அணி, வரலாற்றில் முதன்முறையாக ஜே1க்கு.

டிசம்பர் 1 அரையிறுதிகள் இரண்டிலும் வீட்டுக்காரர்களே விழுந்தார்கள். மூன்றாமிடத்து நாகசாகி, சில வாரங்களுக்கு முன்புதான் திறந்த தன் புது மைதானத்தில் ஆறாமிடத்து வெகால்தா செந்தாயிடம் 1-4 என்று தோற்றது. நான்காமிடத்து யமகதாவின் மைதானத்தில் ஒகயாமா 3-0. இந்த எண்ணிக்கைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 2022இல் மூன்றாமிடம் வந்த ஒகயாமாவை அதன் சொந்த மண்ணில் அதே பிளே-ஆஃபில் 3-0 என்று வெளியேற்றியது இதே யமகதாதான். இரண்டு ஆண்டு கழித்து, இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் கணக்குத் தீர்ந்தது.

டிசம்பர் 7 அன்று ஒகயாமா மைதானத்தில் இறுதி ஆட்டம். செந்தாய் வென்றாக வேண்டும், ஒகயாமாவுக்குச் சமன் போதும். தகாஷி கியாமாவின் அணி சமனை நம்பி உட்காரவில்லை. 2-0 என்று வென்றது. 2009 முதல் 16 பருவங்கள் ஜே2இலேயே இருந்த கிளப். 2016 இறுதியில் செரெசோ ஒசாகாவிடம் ஒரே கோலில் தோற்றது. இத்தனைக்கும் பிறகு ஏறியபோது அழாதவர்கள் அந்த மைதானத்தில் குறைவு.

முதன்முறை ஜே1 வந்த மச்சிதா எப்படி மூன்றாமிடம் பிடித்தது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதில் பாதி பணம், பாதி ஒழுங்கு. தோக்கியோவின் மேற்குப் புறநகரான மச்சிதாவின் கிளப்பை 2018இல் சைபர்ஏஜென்ட் நிறுவனம் வாங்கியது. 2022இல் ஜே2இல் 15ஆம் இடம். அடுத்த ஆண்டுக்குப் பயிற்சியாளராக அவர்கள் அழைத்து வந்தது கோ குரோதாவை. அஓமோரி யமதா உயர்நிலைப் பள்ளி அணியை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பயிற்றுவித்தவர். தொழில்முறை அணியை அதுவரை நடத்தியதில்லை. 2023இல் ஜே2 சாம்பியன், 87 புள்ளி. 2024இல் ஜே1இல் நெடுநாள் முதலிடத்தில் இருந்து, 66 புள்ளியோடு மூன்றாமிடம்.

நீண்ட வீச்சுகள், செட் பீஸ் (ஃப்ரீகிக், கார்னர் போன்றவை), எதிராளியை மூச்சுவிட விடாத அழுத்தம் என்று அவர்கள் ஆடும் விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. 2012இல் ஜே2இல் கடைசி இடம் பிடித்து ஜேஎஃப்எல்லுக்கே தள்ளப்பட்ட கிளப் இது. ஜே லீக்கிலிருந்து அப்படி வெளியே போன முதல் கிளப். 12 ஆண்டில் அது ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

ஜே2, ஜே3 இடையே என்ன நடந்தது?

இறங்கியவை தொச்சிகி எஸ்சி, ககோஷிமா யுனைடெட், தெஸ்பா குன்மா. ககோஷிமா முந்தைய ஆண்டுதான் கோல் வித்தியாசத்தில் கத்தாலே தொயாமாவை முந்தி ஏறியிருந்தது. ஒரே ஆண்டில் திரும்பியது.

ஏறியவை மூன்று. ஓமியா அர்திஜா முதலிடம். பல ஆண்டுகள் ஜே1இல் இருந்து, மெல்ல மெல்ல ஜே3 வரை சரிந்த கிளப். ஏறும் ஆண்டிலேயே ரெட் புல் நிறுவனம் அதை வாங்கியது. இரண்டாமிடம் எஃப்சி இமாபரி. ஷிக்கோகு தீவின் கடலோர ஊர். ஜப்பான் தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் தகேஷி ஒகதா 2014இல் பொறுப்பேற்றபோது அது வட்டார லீக் அணி.

மூன்றாவது தொயாமா. பிளே-ஆஃப் இறுதியில் மத்சுமோட்டோ யமகா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 80ஆம் நிமிடத்தில் ஷோசெய் உசுய் ஒன்றை அடித்தார். இஞ்சுரி டைமில் மறுபடி அவரே. 2-2, மேலே முடித்தது தொயாமா, ஆகவே ஏறுவதும் தொயாமா. 2014க்குப் பிறகு முதல் ஜே2. 2015லும் 2019லும் ஜே1 ஆடிய மத்சுமோட்டோ மூன்றாம் நிலையிலேயே தங்கியது.

ஜே3இல் கடைசி வந்தால் என்ன ஆகும்?

விதிப்படி 20ஆம் இடம் ஜேஎஃப்எல் சாம்பியனோடு இடம் மாறும். 19ஆம் இடம் ஜேஎஃப்எல் இரண்டாமிடத்தோடு இரண்டு ஆட்டம் ஆடும். ஆனால் மேலே வரும் அணிக்கு ஜே லீக் உரிமம் இருக்க வேண்டும். விதி நடைமுறைக்கு வந்த 2023இல் ஜேஎஃப்எல் சாம்பியன் ஆனது ஹோண்டா எஃப்சி. ஹமாமத்சு நகரில் அந்த வாகன நிறுவனத்தின் ஊழியர் அணி. ஜே லீக்குக்குப் போக அவர்களுக்கு விருப்பமே இல்லை. நிறுவன அணியாகவே இருந்து, மேலே போக வருபவர்களைத் தடுத்து நிறுத்துவதால் வாயிற்காவலன் என்று பெயர். 2019 பேரரசர் கோப்பையில் உராவாவையே 2-0 என்று தோற்கடித்தவர்கள். ஆக 2023இல் யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. ஜே3இல் கடைசி வந்த கிராவான்ஸ் கித்தாகியூஷூவின் தலை தப்பியது; அடுத்த ஆண்டு ஏழாம் இடம் பிடித்தார்கள்.

2024இல் அந்தத் தயவு கிடைக்கவில்லை. ஜேஎஃப்எல்லை வென்றது தொச்சிகி சிட்டி. கடைசி வந்த இவாதே குருஜா மொரியோகா, ஜே3இலிருந்து நேரடியாக வெளியேற்றப்பட்ட முதல் கிளப் ஆனது. 2022இல் ஜே2 ஆடிய அணி அது. 19ஆம் இடத்து ஒய்.எஸ்.சி.சி. யோகோஹாமா, ஷிக்கோகுவின் கோச்சி யுனைடெட்டிடம் தோற்று அதுவும் வெளியேறியது.

இந்தக் கதவு திறந்தது சரியா? சரிதான். கீழே கதவு மூடியிருந்த காலத்தில் ஜே3இன் அடியில் இருந்த அணிகளுக்கு அக்டோபர், நவம்பர் ஆட்டங்களில் பணயம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் மொரியோகா போன்ற ஊரில் விளம்பரதாரர்களைத் தேடி அலையும் கிளப் ஊழியர்களை நினைத்தால் இதைச் சுலபமாகச் சொல்லவும் முடியவில்லை.

வென்றும் ஏற முடியாமல் போவது உண்டா?

உண்டு. ஜே1க்கு 15,000, ஜே2க்கு 10,000, ஜே3க்கு 5,000 பேர் கொள்ளும் மைதானம் அடிப்படை. அதோடு கணக்கு வழக்கு, இளையோர் அணி, பயிற்சி வசதி எல்லாம் பார்த்துத்தான் உரிமம். 2014இல் ஐந்தாமிடம் வந்த கித்தாகியூஷூவுக்கும், 2018இல் நான்காமிடம் வந்த மச்சிதாவுக்கும் ஜே1 உரிமம் இல்லாததால் பிளே-ஆஃப் வாசலே திறக்கவில்லை. வீரர்கள் தரப்பில் பார்த்தால் கொடுமை. ஆனால் கிளப்புகள் கடனில் மூழ்காமல் இருப்பதற்கும், நகராட்சிகள் மைதானத்தைப் பற்றி யோசிப்பதற்கும் இந்தக் கெடுபிடி ஒரு காரணம்.

இறங்கினால் கிளப் கதை முடிந்ததா?

இல்லவே இல்லை. நல்ல உதாரணம் கம்பா ஒசாகா. 2012இல் ஜே1இலேயே அதிக கோல், 67, அடித்தது அந்த அணிதான். 65 வாங்கியும் இருந்தது, 17ஆம் இடம், இறக்கம். 2013இல் ஜே2 சாம்பியன். 2014இல் ஜே1, லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றும் அதற்கே. காஷிவா ரெய்சோலும் 2010இல் ஜே2, 2011இல் ஜே1 என்று அடுத்தடுத்து வென்றது.

வருமானம் சரியும், நல்ல வீரர்களைப் பிறர் கொத்திக்கொண்டு போவார்கள். அது உண்மை. ஆனால் ரசிகர் கூட்டம் கலைவதில்லை.

ஒருமுறைகூட இறங்காத கிளப்புகள்?

1993இல் தொடங்கிய பத்தில் காஷிமா ஆன்ட்லர்ஸ், யோகோஹாமா எஃப். மரினோஸ் இரண்டு மட்டுமே.

இறக்கமே இல்லாத பருவம் இருந்ததா?

அண்மைக் காலத்தில் 2020. கொரோனா காரணமாக இறக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். அதன் விலையை 2021இல் கொடுக்க வேண்டி வந்தது: 20 அணி ஆடி நான்கு இறங்கின.

2024இல் ஏறியவர்கள் 2025இல் என்ன ஆனார்கள்?

ஒகயாமாவும் ஷிமிசுவும் ஜே1இல் தங்கின. யோகோஹாமா எஃப்சி மறுபடி இறங்கியது, ஷோனான் பெல்மாரே, அல்பிரெக்ஸ் நீகதா இரண்டோடும் சேர்ந்து. தொச்சிகி சிட்டி, தன் மாவட்டத்தின் மூத்த கிளப்பான தொச்சிகி எஸ்சி இருந்த அதே ஜே3க்கு வந்து, முதல் ஆண்டிலேயே பட்டம் வென்று ஜே2க்கு ஏறியது. ஜே2இலிருந்து 2000 முதல் அங்கேயே இருந்த மித்தோ ஹோலிஹாக் முதன்முறையாக மேலே போனது, நாகசாகியும் ஏறியது. ஜெஃப் யுனைடெட் பிளே-ஆஃப் அரையிறுதியில் ஓமியாவிடம் 0-3 என்று பின்தங்கி, 4-3 என்று வென்று, 17 ஆண்டு கழித்து ஜே1க்குத் திரும்பியது.

அடுத்து என்ன மாறுகிறது?

பருவத்தின் காலமே மாறுகிறது. இதுவரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 2026 ஆகஸ்ட் முதல் ஐரோப்பாவைப் போல இலையுதிர் காலத்தில் தொடங்கி, குளிர்கால இடைவேளை விட்டு, வசந்தத்தில் முடியும். நடுவில் 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓர் இடைக்காலப் போட்டி; அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆசியப் போட்டிகளும் வீரர் பரிமாற்றச் சந்தையும் இந்தக் காலக்கணக்கில்தான் நடக்கின்றன என்பது நிர்வாகத்தின் வாதம். கோடை வெயிலில் ஆடும் ஆட்டங்களும் குறையும். சப்போரோ, நீகதா, யமகதா, தொயாமா போன்ற பனி கொட்டும் ஊர்களுக்கு இது பெரிய சோதனை. சப்போரோவுக்கு, புல்தரையையே உள்ளே நகர்த்திக்கொண்டு வரும் மூடிய அரங்கம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது இல்லை. பயிற்சித் திடல்களுக்குக் கூரை போடவும் வெப்பமூட்டவும் யார் செலவு செய்வது என்பதைத் தீர்க்காமல் இந்த மாற்றத்தை முழு மனதோடு வரவேற்க என்னால் முடியவில்லை.

புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பட்டப் போட்டியை விடுங்கள். முதலில் 2024 பிப்ரவரி 25 ஆட்டம்: தோக்கியோ வெர்தி, யோகோஹாமா எஃப். மரினோஸ், தேசிய மைதானம். 1993இல் லீக்கைத் தொடங்கிவைத்த அதே இரு கிளப்புகள். வெர்தி ஜே1க்குத் திரும்பிய முதல் நாள். ஏழாம் நிமிடத்தில் ஃபுகி யமதாவின் ஃப்ரீகிக்கில் முன்னிலை பெற்று, கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 1-2 என்று தோற்றார்கள். 1993இலும் அதே 1-2தான். அடுத்து ஒகயாமா – செந்தாய் இறுதி ஆட்டம், முழுதாக 90 நிமிடமும். பிறகு ஜே2 கடைசி நாள் எந்த ஆண்டுடையதாக இருந்தாலும் சரி. இரண்டு திரைகளில் இரண்டு ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமிடத்துக்குப் போட்டியிடும் அணிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.